கேசட்டின் முதல் பாட்டு

தையல்காரிக்கு அந்தப் பாட்டு சுத்தமாகப் பிடிக்காது. பாத்திரக்கடையில் சண்டை நடக்கிற மாதிரி இருக்கிறது என்று கல்யாணமான புதிதிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். புருஷனான லிஃப்ட்டுக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

"சண்டை அப்புறம்தான் வரும். முதல்ல ஒருத்தன் தனியா கிட்டார் வாசிப்பான். அதை மட்டும் கேளு" என்றார்.

கேட்டாள். ஒருத்தன் தனியாக வாசித்தான். பிறகு டிரம்ஸ் நுழைந்தது, சண்டையும் வந்தது. "சமாதானம் ஆனதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

லிஃப்ட்டுக்காரர் என்றால் லிஃப்ட்டுக்குள் நின்று பொத்தானை அமுக்குகிறவர் இல்லை, அதைப் பழுது பார்க்கிறவர். இந்த வித்தியாசத்தை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பெரிய கட்டிடங்களின் உச்சியில், மொட்டை மாடிக்கும் மேலே, மோட்டார் ஓடுகிற ஒரு சின்ன அறை இருக்கும். கிரீஸ் வாடையும் சூடுமாக ஒரு மனுஷன் முழுசாக நிமிர முடியாத இடம். அவர் வேலைக்குச் சேர்ந்த வயதில் அப்படி ஓர் அறையில் யாரோ விட்டுப்போன டேப்ரிக்கார்டர் கிடந்தது. அதற்குள் ஒரு கேசட். காப்பியிலிருந்து எடுத்த காப்பி. மேலே பேர்கூட ஒழுங்காக எழுதியிருக்கவில்லை. பட்டனை அழுத்தினார். கொஞ்சம் இரைச்சல், அப்புறம் அந்தக் கிட்டார். அன்றைக்குக் கீழே லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு குமாஸ்தாக்கள் ஒரு பாட்டு நேரம் கூடுதலாகவே மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்தக் குழுவில் நான்கு பேர். எல்லோருக்கும் நீளமுடி, எல்லோரும் அயல்நாட்டுக்காரர்கள். அவர்கள் பாடுவதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது. வார்த்தை வருகிற இடங்களில் தானாக ஏதோ சத்தம் போட்டு நிரப்பிக்கொள்வார். மகள் பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் படித்ததும், "அப்பா, நான் அர்த்தம் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, நான் பாடறது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நோய் முதலில் கண்ணில் பட்டது தையல்காரிக்குத்தான். ஆனால் அதை நோய் என்று அவள் நினைக்கவில்லை. துணிக்கடை ஒன்றில், வாங்கின உடுப்பை அளவுக்குத் தகுந்தபடி சுருக்கிக் கொடுக்கிற மேஜை அவளுடையது. வீட்டிலும் துணியைப் பார்க்காமல் விடமாட்டாள். அவருடைய கால்சட்டைகளில் வலது காலின் மடிப்பு மட்டும் பிய்ந்துபோய் வந்தது. மடித்துத் தைத்தாள், மறுபடி பிய்ந்தது. "தெருவைப் பெருக்கிக்கிட்டே வர்றீங்களா? காலைத் தூக்கி வெச்சா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று திட்டினாள். வெகுநாள் கழித்து டாக்டர் அவரை வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வலது கால் இழுபடுகிறது, வலது கை வீசவே இல்லை, இது பார்க்கின்சன் நோய் என்றார். தையல்காரிக்கு அந்த மடிப்புகள்தான் ஞாபகம் வந்தன. திட்டித் திட்டித் தைத்த ஒவ்வொரு தையலுக்கும் அன்றைக்கு அழுது தீர்த்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஸ்க்ரூவைத் திருப்ப முடியவில்லை, வேலை போயிற்று. குரல் இறங்கி, பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும் என்றாயிற்று. சட்டைப் பொத்தான்கள் அவரைப் படுத்தியெடுத்தன. அவள் பொத்தான் ஓட்டைகளை மூடி, மேலே பேருக்குப் பொத்தான்களை வைத்துத் தைத்து, உள்ளே அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்துக் கொடுத்தாள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. முகத்துக்கு மட்டும் அவளால் ஒன்றும் தைத்துக் கொடுக்க முடியவில்லை. தசைகள் இறுகி, அவர் முகம் எந்நேரமும் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் தாங்கமாட்டாமல், "கொஞ்சம் சிரிங்களேன்" என்றாள்.

"சிரிச்சிட்டுதான் இருக்கேன்" என்றார் அவர்.

எல்லாவற்றையும்விடக் கதவுகள்தான் பெரிய பாடு. சமதரையில் மெல்ல நடந்து வருவார். ஒரு நிலைப்படியைக் கண்டால் போதும், பாதம் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தள்ளினால் விழுவார், இழுத்தாலும் விழுவார். திரும்புவது அதைவிட மோசம். மற்றவர்கள் யோசிக்காமல் செய்கிற அரைவட்டத்தை அவர் இத்தனூண்டு இத்தனூண்டாக அடி வைத்துச் செய்ய வேண்டும், பாதியில் நின்றுபோனால் போனதுதான். குளியலறை வாசலில் அப்படி நிற்கும்போதெல்லாம், "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. மெக்கானிக்கைக் கூப்பிடு" என்பார். அவள் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு அடுப்படியில் போய் மூக்கைச் சிந்துவாள்.

இந்த நிலைமையில்தான் அந்த நான்கு பேர் ஊருக்கு வந்தார்கள். உண்மையில் மூன்று பேர்தான். ஒருவர் செத்துப் போய்விட்டார், அவர் இடத்தில் வேறொருவர். இதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று அறிவித்துவிட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் பயந்துபோய் அம்மாவிடம் பேசினாள்.

"அம்மா, கூட்டம் அதிகமா இருக்கும். முடியலன்னா விட்டுடுங்க."

தையல்காரி போனைக் கையால் மூடிக்கொண்டு அவரைக் கேட்டாள். அவர் உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"அந்த ஒரு பாட்டு போதும். அவன் வாசிக்கிறதை என் கண்ணால பாக்கணும். மத்ததெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்ல."

அவர் எதையும் கேட்டுக் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டு வேண்டுமென்று கேட்டது எது என்று அவள் யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எப்பாடு பட்டாவது இதை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

மாத்திரைதான் அவருடைய எண்ணெய். போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கை கால் இளகும், சிறிது நேரம் மனுஷராக நடமாடலாம், அப்புறம் இறுக ஆரம்பிக்கும். இளகி இருக்கிற நேரத்தைப் பாட்டுக்குப் பொருத்த வேண்டும். இருவரும் மேஜையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். கேசட்டில் அந்தப் பாட்டுதான் முதல். ஆகவே கச்சேரியிலும் அதுதான் முதலில் வரும். டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு உடம்பு நன்றாக இளகியிருந்தால் போதும், மற்றது ஓடுகிற வரை ஓடட்டும். அவருக்கும் இது சரியாகவே பட்டது. இருவருமே அதற்கு முன்னால் இப்படியொரு கச்சேரிக்குப் போனதில்லை. பட்டனை அழுத்தினால் பாட்டு வரும், அவர்களுக்குத் தெரிந்த கச்சேரி அதுதான்.

கால்பந்து மைதானம் அது. வெயில் இறங்காமலே கூட்டம் கூடிவிட்டது. தையல்காரி இளவட்டங்களைத்தான் எதிர்பார்த்துப் போனாள். அங்கே வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு அவர் வயசு. வழுக்கைத் தலையின் பின்பக்கம் மிச்சமிருந்த முடியைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். தொப்பைமேல் இழுபட்டுப் போயிருந்த பனியன்களில் அந்த நான்கு முகங்கள். "உங்க கட்சி ஆளுங்க எல்லாரும் வந்திருக்காங்க" என்றாள். அவர் அன்றைக்கு நன்றாக நடந்தார். வாசலில் ஒரே ஒரு தடவைதான் நின்றார், அதுவும் சட்டென்று விட்டுவிட்டது. மகள் கெட்டிக்காரி, வெளியே போகிற பாதையை ஒட்டின இருக்கைகளாகப் பார்த்து எடுத்திருந்தாள்.

சொன்ன நேரத்துக்கு விளக்குகள் எரிந்தன. மேடைக்கு வந்தவர்கள் நாலு பொடிப்பயல்கள்.

"யாருங்க இவங்க?"

அவர் தலையை மெல்ல ஆட்டினார், தெரியவில்லை என்று. பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்ட ஒருவர், "முதல்ல இந்தப் பசங்கதான் வாசிப்பாங்க. பெரியவங்க அப்புறம்தான் வருவாங்க" என்றார், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த சங்கதி மாதிரி. பயல்கள் நன்றாகத்தான் வாசித்திருப்பார்கள். அவளுக்கு அவர்கள் வாசித்த ஒவ்வொரு நிமிஷமும் மாத்திரை வீணாகிற நிமிஷமாகவே கேட்டது. அவர்கள் போனபின் மேடையைக் கழுவித் துடைக்காத குறையாக ஆட்கள் வந்து வயர்களை மாற்றி மாற்றிச் சொருகினார்கள். அடுத்த மாத்திரைக்கு இன்னும் நேரமிருந்தது. முன்கூட்டிக் கொடுத்தால் உடம்பு தன்பாட்டில் நெளிய ஆரம்பிக்கும். நாலு பேர் நடுவில் அப்படி நெளிவது அவருக்குச் சாவைவிட அசிங்கம்.

ஒருவழியாகப் பெரியவர்கள் வந்தார்கள். கிட்டார்காரர் படி ஏறும்போது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். அதைப் பார்த்ததும் தையல்காரிக்கு அந்த ஆள்மேல் முதல்முறையாக ஒரு பிரியம் வந்தது. அவள் கணவரின் முழங்காலில் கை வைத்துக்கொண்டாள். முதல் பாட்டு அதுவாக இல்லை.

இரண்டாவதும் இல்லை. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவர் உதடு அசையும். "அடுத்தது" என்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அடுத்தது வரும், வேறெதுவாகவோ இருக்கும். இருட்டிவிட்டது. அவருடைய வலது கை தொடையில் மடங்கிக்கொண்டது, தோள் இறங்கிற்று, இமைகூட அடிக்கடி அடிக்கவில்லை. உடம்பு பூட்டிக்கொண்டு வருவதை அவள் இருட்டிலும் கையால் தொட்டே தெரிந்துகொண்டாள். மாத்திரையைக் கொடுத்தாள். அது வேலை செய்ய இன்னும் நேரமாகும். வாசிங்கடா, அந்த ஒண்ணை மட்டும் வாசிச்சுத் தொலைங்கடா என்று மனசுக்குள் மேடையைப் பார்த்துக் கெஞ்சினாள்.

அப்போது அந்த நால்வரும் கருவிகளை வைத்துவிட்டு முன்னால் வந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக் குனிந்து வணங்கினார்கள். கையசைத்தார்கள். உள்ளே போய்விட்டார்கள். மேடை விளக்கு அணைந்தது.

தையல்காரிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. முடிந்துவிட்டதா? அந்தப் பாட்டை வாசிக்காமலேயா? அவர் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் போலத்தான் இருந்தது, அதில் என்னத்தைக் கண்டுபிடிப்பது. சுற்றிலும் ஜனங்கள் எழுந்து நின்று காலால் தரையை உதைத்துக் கத்த ஆரம்பித்தார்கள். போகப்போக உதை பலமாயிற்று, நாற்காலிகள் அதிர்ந்தன. கத்தாமல் என்ன செய்வார்கள், தன்னைப் போலவே எல்லோரும் அந்த ஒரு பாட்டுக்காக வந்து ஏமாந்தவர்கள்தானே என்று நினைத்தாள். கோபத்தில் கூட்டம் எதையாவது உடைத்துக் கிளம்பினால் இவரை வைத்துக்கொண்டு எங்கே ஒதுங்குவது என்று பயமும் வந்துவிட்டது.

"எழுந்திருங்க. கூட்டம் கிளம்பறதுக்குள்ள நாம போயிடலாம்."

அவர் ஏதோ சொன்னார். அந்த இரைச்சலில் காதைக் கொண்டுபோயும் கேட்கவில்லை. அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். இருக்கைகளுக்கு அடியில் வெளியே போகிற பாதை ஒரு நீளமான சிமெண்ட் நடை. அதில் அவரை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போனாள். கடைசியில் இரும்புக் கதவு திறந்து கிடந்தது, அதன் பக்கத்தில் சீருடை போட்ட ஒரு பெண். கதவைக் கண்டதும் அவர் பாதங்கள் ஒட்டிக்கொண்டன.

பின்னால், வந்த பாதையின் மறுமுனையில், மைதானமே ஒரே குரலாகக் கூவிற்று. சட்டென்று அமைதி. அப்புறம் ஒருத்தன் தனியாகக் கிட்டார் வாசிக்க ஆரம்பித்தான்.

தையல்காரி திரும்பிப் பார்த்தாள். "அவங்க போயிட்டாங்களே" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

"போற மாதிரி போயிட்டு வருவாங்கம்மா. ஜனங்க தட்டிக் கூப்பிட்டாதான் இந்தப் பாட்டு. எப்பவும் கடைசியாத்தான் வாசிப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவளுக்கும் தெரியாது, வாழ்நாள் முழுக்க அந்தப் பாட்டோடு வாழ்ந்த அவருக்கும் தெரியாது. "திரும்புங்க" என்று அவர் தோளைப் பிடித்தாள். "திரும்புங்க, போயிடலாம், இன்னும் பாதி இருக்கு." இடுப்பைப் பிடித்துத் திருப்பினாள். மேல் உடம்பு கொஞ்சம் திரும்பிற்று, கால் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் சாய்ந்துவிடுவார். காவல் பெண் ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேர் பிடித்தும் அந்தப் பாதங்களைத் தரையிலிருந்து பெயர்க்க முடியவில்லை. "நான்தான் இழுத்துட்டு வந்தேன்" என்று தையல்காரி அந்தப் பெண்ணிடம் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே கிட்டார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

டிரம்ஸ் நுழைந்தது.

அவருடைய வலது பாதம் மேலே எழும்பிற்று. இழுபடவில்லை, எழும்பிற்று. கதவைத் தாண்டி வெளியே ஊன்றிற்று. அடுத்து இடது. தாளம் விழுகிற இடத்தில் அடி விழுந்தது. அவள் பதறிப்போய் முன்னால் வந்து மறித்தாள். "இந்தப் பக்கம் இல்லைங்க. உள்ள போகணும்."

அவர் உதட்டருகே காதைக் கொண்டுபோனாள்.

"திருப்பாத. கால் வருது. விடு."

அவள் விலகினாள். அவர் நடந்தார். வண்டிகள் நிற்கிற வெட்டவெளியில், யாரும் பிடிக்காமல், முதுகு நிமிர்ந்து நடந்தார். தாளத்தோடு சேர்ந்து நடந்தால் சிலருக்குப் பூட்டு விடும் என்று ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கிற அம்மாள் எப்போதோ சொல்லியிருந்தாள். தையல்காரி வீட்டில் கைதட்டிப் பார்த்ததுண்டு, அவருக்கு எரிச்சல் வந்ததே ஒழிய கால் வரவில்லை. இப்போது வருகிறது. வலது கைகூட வீசிற்று. எத்தனையோ காலமாகச் செத்தது போலத் தொங்கிய கை, கல்யாணத்துக்கு முன்னால் அவள் தெருவில் பார்த்த அந்த ஆளின் கை மாதிரியே முன்னும் பின்னும் போய் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் அவர் மேடையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார். சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது.

வண்டிகளின் இரண்டாவது வரிசையைத் தாண்டியதும் பாட்டு முடிந்தது. தூரத்தில் கைதட்டல் கேட்டது. கால்கள் நின்றுவிட்டன. அவள் ஓடிப்போய் முன்னால் நின்று அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவருக்கு மூச்சு வாங்கிற்று.

"எப்படி நடந்தீங்க பாத்தீங்களா?" என்றாள்.

அவள் காதைக் கொண்டுபோனாள்.

"நான் பாட்டைக் கேக்கல."

"என்னது?"

"கால் நின்னுடுமோ நின்னுடுமோன்னு அதையே பாத்துட்டு வந்தேன். தாளம் மட்டும்தான் காதுல விழுந்துச்சு. பாட்டு விழல." அவள் முகத்தைப் பார்த்து, "நீ கேட்டியா?" என்றார்.

அவளும் கேட்கவில்லை. அவர் காலைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை.

"கேட்டேங்க" என்றாள்.

"எப்படி வாசிச்சான்?"

"நல்லா வாசிச்சான்."

"கடைசியில கிட்டார் மட்டும் தனியா வருமே, அந்த இடம்?"

கடைசியில் அப்படி ஓர் இடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. எந்தக் காலத்திலும் அவள் அவ்வளவு தூரம் உட்கார்ந்து கேட்டதில்லை.

"அதுவும்தான்" என்றாள். "உங்க கேசட்டுல வர்றதைவிட நல்லா இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். கூட்டம் வெளியே வரத் தொடங்கிவிட்டது. ஆயிரம் பேர் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருபுறமும் அவர்களை உரசிக்கொண்டு போனார்கள். யாரும் அவர்மேல் மோதிவிடாதபடி அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். மாத்திரை வேலை செய்யட்டும் என்று இருவரும் அங்கேயே காத்திருந்தார்கள்.